எங்கப்பா தைச்ச காமிக்ஸ் கிலோ 20 ரூபா: மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மாவட்ட நூலக அலுவலர் அவர்களுக்கும் ஆணைக்குழு உறுப்பினர்களுக்கும்,

எந்த மாவட்டம், எந்தக் கிளை நூலகம்னு இங்க போடல. படிச்சா உங்களுக்கே தெரிஞ்சிடும், மத்தவங்களுக்குத் தெரியணும்னு அவசியம் இல்ல. அந்தக் கிளையில உக்காந்திருக்கற நூலகர் மேல எனக்கு ஒரு கோவமும் கிடையாது, பாவம் அவரே கூட்டி அவரே புக்கு அடுக்கி அவரே ரிஜிஸ்டர் எழுதறார், பழைய காமிக்ஸைக் கழிச்சுக் கட்டச் சொல்லி மேல இருந்து ஒரு சுற்றறிக்கை வந்தா அவரால என்ன பண்ண முடியும். என் கோவம் அந்த சுற்றறிக்கைல கையெழுத்துப் போட்டவங்க மேல தான், அதான் உங்களுக்கு எழுதறேன்.

நான் ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன், பைண்டிங்கும் பண்ணுவேன். எங்கப்பா காலத்துல அது வெறும் பைண்டிங் கடை. போன மாசம் ஒரு சனிக்கிழமை அட்டை வாங்க பழைய பேப்பர் கடைக்குப் போயிருந்தேன், கேஸ் பைண்டிங்குக்கு, அதான் கெட்டி அட்டை போட்டுப் பண்றது, அதுக்குப் புது அட்டை கட்டுப்படி ஆகாது, அங்க காலண்டர் அட்டை நல்லதா கிடைக்கும். அண்ணன் எடை போட்டுட்டு இருந்தார், நான் சும்மா மூட்டைகளைப் பாத்துட்டு நின்னேன். ஒரு சாக்கு வாய் பிரிஞ்சு கிடந்துது. உள்ள கருப்புத் துணி முதுகு வச்ச ஒரு வால்யூம், முதுகுல வெள்ளை பெயிண்ட்ல சி.க. 17. அந்த 7ல வால் பக்கம் பெயிண்ட் கொஞ்சம் வழிஞ்சு காஞ்சிருக்கும். அது வழிஞ்சது என்னால தான். அப்போ எனக்குப் பத்து வயசு, தீக்குச்சி முனைல பெயிண்ட் தொட்டு எழுதினேன், வழிஞ்சதுக்கு எங்கப்பா மண்டைல ஒரு கொட்டு வச்சார்.

சி.க.ன்னா சித்திரக்கதை. உங்க கிளை நூலகத்துக்காக எங்கப்பா 1985ல இருந்து பைண்ட் பண்ணிக் குடுத்த காமிக்ஸ் வால்யூம்கள். சாக்குல கையை விட்டேன், 18 வந்துது, 22 வந்துது, 31 வந்துது. மொத்தம் 23 வால்யூம் தான் தேறுச்சு. மிச்சம் எங்கண்ணேன்னு கேட்டேன், "வியாழக்கிழமை லோடு போயிருச்சுப்பா, மில்லுக்கு"ன்னார். எங்கப்பாவோட கணக்கு நோட்டு இன்னும் எங்கிட்ட இருக்கு, கடைசியா அதுல எழுதியிருக்கற நம்பர் சி.க. 58. ஆக 35 வால்யூம் கூழாப் போச்சு. ஒரு வால்யூமுக்கு ஆறு இதழ், நீங்களே பெருக்கிப் பாத்துக்கங்க. நான் அந்த 23ஐயும் எடை போட்டு வாங்கினேன், 16 கிலோ, கிலோ 20 ரூபா, 320 ரூபா. அண்ணன் எனக்குன்னு விலை ஏத்தல, அதுவே பெருசு. இதே பழைய இதழுக்கு சேகரிக்கறவங்க ஒண்ணுக்கு எவ்வளவு குடுக்கறாங்கன்னு அவருக்குத் தெரியாது, நல்லவேளை. உங்களுக்கும் தெரியாது, அதான் பிரச்சனை.

இத வெறும் பழைய பேப்பர்னு நினைச்சீங்கல்ல, அதுக்காக இந்த வால்யூம் எப்படி உருவாச்சுன்னு கொஞ்சம் சொல்றேன். அப்போ வந்த காமிக்ஸ் எல்லாம் மட்டமான நியூஸ்பிரிண்ட், நடுவுல ரெண்டு பின் அடிச்சிருப்பாங்க, அவ்வளவு தான். பத்துப் பசங்க கை மாறினா அட்டை தனியா வந்துரும், மழைக்காலம் வந்தா பின் துருப்பிடிச்சு நடுப்பக்கத்துல காவிக் கலர்ல ரெண்டு பொட்டு விழும், அப்புறம் அந்த இடத்துலயே கிழியும். எங்கப்பா முதல்ல அந்தப் பின்னை எல்லாம் பிடுங்கிருவார். அப்புறம் ஒவ்வொரு இதழையும் ஒரு ஃபாரமா வச்சு ஊசி நூலால தைப்பார், ஆறு இதழ் சேந்தா ஒரு வால்யூம். மைதா பசை காய்ச்சும்போது மயில்துத்தம் ஒரு சிட்டிகை போடுவார், ராமபாணப் பூச்சி கிட்ட வராது. முதுகுக்கு ஒட்டற காலிகோ துணிக்கு மதுரை போகணும், தீந்து போச்சுன்னா குடை ரிப்பேர்காரர்கிட்ட கிழிஞ்ச குடைத் துணி வாங்கி ஒட்டிருவார், அதான் அந்தக் கருப்பு முதுகு. நாப்பது வருஷம் கழிச்சு சாக்குல இருந்து எடுத்தப்பக்கூட ஒரு தையல் விடல. நான் இன்னிக்கு அடிக்கற, தையல் இல்லாம பசையிலயே ஒட்டற பெர்ஃபெக்ட் பைண்டிங் ரெண்டு வருஷம் தாங்குனா ஆச்சரியம், அது வேற கதை.

இதுக்குக் காசு உங்க நிதியில இருந்து கூட முழுசா வரல. வாசகர் வட்டத்துல ஒரு ரிட்டயர்டு வாத்தியார் இருந்தார், அவர் தான் மாசாமாசம் ஏஜெண்டுக்குக் காசு கட்டுவார், இதழ் நூலகத்து மேசைக்கு வரும், ஆறு மாசம் கழிச்சு எங்க கடைக்கு வரும். எங்கப்பா கூலில பாதி தான் வாங்குவார். ஒரு வாத்தியாரும் ஒரு பைண்டரும் ஒரு நூலகரும் சேந்து ஊர்ப் பசங்களுக்காகப் பண்ணது அது.

அதுல என்ன இருந்துதுன்னும் சொல்றேன், ஏன்னா உங்க நீக்கப் பட்டியல்ல "சிதைந்த சிறுவர் இதழ்கள்"னு ஒரே வரில முடிச்சிருக்கீங்க. 1972 ஜனவரில சிவகாசில இருந்து முத்து காமிக்ஸ் முதல் இதழ் வந்துது, இரும்புக்கை மாயாவி. இங்கிலாந்துல 1962ல வேலியண்ட் பத்திரிகைல ஆரம்பிச்ச தொடர், வரைஞ்சவர் ஹெசூஸ் பிளாஸ்கோன்னு ஒரு ஸ்பெயின்காரர். மின்சாரம் பாஞ்சா உடம்பு மறைஞ்சு இரும்புக் கை மட்டும் அந்தரத்துல மிதக்கற ஆளு, அந்தப் பேரை எங்க ஊர்ல அம்பது வயசுக்காரங்க யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க, லண்டன்ல கேட்டா எத்தன பேர் சொல்லுவாங்களோ. 1984ல லயன் காமிக்ஸ், அதே வருஷம் ராணி காமிக்ஸ். 1985ல டெக்ஸ் வில்லர் தமிழுக்கு வந்தார், இத்தாலில 1948ல பொறந்த கௌபாய் ரேஞ்சர், இன்னிக்கு வரைக்கும் அங்கயும் அச்சுல வர்றார் இங்கயும் அச்சுல வர்றார். ராணி காமிக்ஸ் 2005ல நின்னு போச்சு. நின்னு போன பத்திரிகையோட பழைய இதழ் போச்சுன்னா போனது தான், மறுபடி கடைல ஆர்டர் போட்டு வாங்க முடியாது, இத ஒரு நூலகத் துறைக்கு ஒரு ஜெராக்ஸ் கடைக்காரன் சொல்ல வேண்டியிருக்கு.

சரி, நூலகத்துக்கே போனேன். சிறுவர் பகுதில அந்த இரும்பு ரேக் இருந்த இடத்துல இப்போ ஒரு வெள்ளை மேசை, நாலு டேப்லெட், ஒவ்வொண்ணும் சைக்கிள் பூட்டுச் சங்கிலி மாதிரி ஒண்ணுல கட்டியிருக்கு. சுவத்துல ஃப்ளெக்ஸ், "டிஜிட்டல் சிறுவர் முனையம்". பக்கத்துல ஏ4 தாள்ல, சித்திரக்கதை நூல்கள் இனி செயலி வழியாக மட்டும் கிடைக்கும்னு அறிவிப்பு. நாலுல ரெண்டு தான் ஆன் ஆச்சு, மத்த ரெண்டுக்கு சார்ஜர் வயரைக் காணோம்னு நூலகர் சொன்னார். அந்த செயலில உக்காந்து அரை மணி நேரம் தேடினேன். மாயாவி இல்ல, டெக்ஸ் இல்ல, லக்கி லூக் இல்ல, ராணி காமிக்ஸ் ஒண்ணு கூட இல்ல. பத்துப் பக்கத்துல முயலும் ஆமையும், காக்காவும் பாட்டியும், படம் எல்லாம் கம்ப்யூட்டர்ல ஒரே அச்சுல வார்த்த மாதிரி. "வழியாக மட்டும் கிடைக்கும்"னு எழுதியிருக்கீங்களே, எது கிடைக்கும்? எடுத்தது ஒண்ணு வச்சது ஒண்ணு. அதுக்குப் பேரு டிஜிட்டல் மயமாக்கல் இல்ல, ரேக்கைக் காலி பண்றது.

நூலகர்கிட்ட காரணம் கேட்டேன். கடைசி மூணு வருஷத்துல ஒரு வால்யூம் கூட இரவல் போகல, அதனால பயன்பாடு இல்லாத நூல்னு பட்டியல்ல சேந்துருச்சுன்னு சொன்னார். நான் கைல வச்சிருந்த சி.க. 17ஐ அங்கயே திறந்து காட்டினேன். உள் அட்டைல உங்க துறை முத்திரையோட ஒட்டியிருக்கு, "நூலகத்தில் மட்டுமே படிக்க, இரவலுக்கு அல்ல". நீங்களே வெளிய எடுத்துட்டுப் போகக் கூடாதுன்னு ஒட்டிட்டு, நீங்களே யாரும் வெளிய எடுத்துட்டுப் போகலன்னு கணக்குப் பாத்து, நீங்களே அதக் கழிச்சுக் கட்டியிருக்கீங்க. அவர் ஒண்ணும் பேசல, கண்ணாடியைக் கழட்டித் தொடச்சார்.

ஒரு புக்கை யார் படிச்சாங்கன்னு இரவல் ரிஜிஸ்டர்ல மட்டும் தேடினா எப்படித் தெரியும். சாயங்காலம் நாலரைக்கு வந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். பக்கத்து அரசுப் பள்ளி விட்டதும் பஸ் வர்ற வரைக்கும் ஒரு கும்பல் வரும், பெரும்பாலும் செங்கல் சூளைப் பக்கம் இருக்கற பசங்க, பஸ் அஞ்சு இருபதுக்கு. அம்பது நிமிஷம். ஒரு வால்யூமை நடுவுல விரிச்சு வச்சு மூணு பேர் படிப்பாங்க, வேகமா படிக்கறவன் பக்கத்தைத் திருப்பப் போனா மெதுவா படிக்கறவன் கையைப் போட்டு அமுக்கிக்குவான். அந்த அமுக்கலுக்கு எந்த ரிஜிஸ்டர்லயும் காலம் கிடையாது.

எங்கக்கா பையனைப் பத்திச் சொல்லணும். ஆறாவது படிக்கறான், இங்கிலீஷ் மீடியம், தமிழ்ல ழ வந்தா பயந்து தாண்டிப் போயிருவான். அக்கா டியூஷன் வச்சா, ஒண்ணும் நடக்கல. போன வருஷம் லீவுக்கு வந்தவனை நான் நூலகத்துல உக்கார வச்சுட்டு கடைக்கு வந்துட்டேன், மதியம் கூப்பிடப் போனா தரைல படுத்துக்கிட்டு டெக்ஸ் கதை படிச்சுட்டு இருக்கான், வாய் விட்டு. "டுமீல்! டுமீல்!" அப்புறம் "சத்!" அப்புறம் "கும்!" முதல்ல சத்தத்தை மட்டும் தான் படிச்சிருக்கான். அது ரெண்டெழுத்து மூணெழுத்து, படமே அர்த்தம் சொல்லிரும். அப்புறம் யார் யாரைச் சுட்டாங்கன்னு தெரியணும்ல, பலூனுக்குள்ள போயிருக்கான், ஒரு பலூனுக்கு ஆறேழு வார்த்தை, முடிஞ்சா ஜெயிச்ச மாதிரி அடுத்த பலூன். பத்து நாள் அப்படியே போச்சு. லீவு முடிஞ்சு போறப்ப பஸ்ல போர்டு எல்லாம் படிச்சுட்டே போனான்னு அக்கா போன் பண்ணா. வாழைப்பழத்தை வாயப்பயம்னு தான் இன்னமும் சொல்றான், ஆனா எழுத்தைப் பாத்து ஒதுங்கல.

இந்த வருஷமும் வந்தான். நேரா நூலகம் போனான், கால் மணி நேரத்துல திரும்பி வந்துட்டான், "மாமா அங்க அந்த புக் இல்ல, டேப் தான் இருக்கு, நம்ம வீட்லயே டேப் இருக்கே"ன்னான். அதுக்கு மேல நான் உங்களுக்கு ஆதாரம் காட்டணுமா தெரியல.

டேப்ல காமிக்ஸ் படிக்கவே முடியாதான்னு கேப்பீங்க. நான் டிஜிட்டலுக்கு எதிரி இல்லங்க, எங்கிட்டயே ரெண்டு ஸ்கேனர் இருக்கு, நானே எத்தனையோ பழைய புக்கை பிடிஎஃப் ஆக்கியிருக்கேன், கைல கிடைக்காத இதழை ஸ்கிரீன்ல படிச்சும் இருக்கேன். ஆனா ஒரு காமிக்ஸ் பக்கம்னா ஓவியர் முழுப் பக்கத்தையும் மனசுல வச்சு வரையறது. பக்கத்தைத் திருப்பின உடனே கண்ணு முதல்ல மொத்தத்தையும் ஒரு தடவை மேயும், கீழ மூலைல ஒருத்தன் துப்பாக்கியோட ஒளிஞ்சிருக்கறது ஓரக்கண்ணுல பட்டுரும், ஆனா மேல இருந்து கட்டம் கட்டமா வரணும், அந்த அவஸ்தை தான் சுகமே. எட்டு இன்ச்சு டேப்ல முழுப் பக்கத்தைப் போட்டா பலூன் எழுத்து எறும்பு மாதிரி தெரியும், ரெண்டு விரல் வச்சுப் பெருசாக்கினா எழுத்து வரும் படம் ஓடிப்போகும், தள்ளித் தள்ளிப் பாக்கணும். செயலி ஒரு கட்டம் ஒரு கட்டமா காட்டுச்சுன்னா அந்த மூலைல ஒளிஞ்சிருக்கறவன் காணாமப் போயிடுவான். அதோட மூணு பேர் சேந்து படிக்க முடியாது, டேப் வந்ததும் ஒருத்தன் மடியில வச்சுக்குவான், மத்த ரெண்டு பேரும் அடுத்து எனக்கு எனக்குன்னு நிப்பாங்க, பத்து நிமிஷத்துல யூடியூப் திறந்துருக்கும். பசங்களைக் குத்தம் சொல்லல, நானா இருந்தாலும் திறந்திருப்பேன்.

உங்க சுற்றறிக்கைல "உலகளாவிய போக்கு"ன்னு ஒரு வார்த்தை போட்டிருக்கீங்க. உலகத்துல என்ன நடந்துதுன்னு பாப்போமே. ஸ்காட்லாந்துல இருந்து தி டேண்டின்னு ஒரு சிறுவர் காமிக்ஸ், 1937ல ஆரம்பிச்சது, ஒரு காலத்துல வாரத்துக்கு இருபது லட்சம் வரைக்கும் வித்துது. விற்பனை எட்டாயிரத்துக்கும் கீழ போனதும், சரியா 75ஆவது பிறந்தநாளுக்கு, 2012 டிசம்பர்ல அச்சை நிறுத்திட்டு இனிமே டிஜிட்டல்னு அறிவிச்சாங்க. அந்த டிஜிட்டல் இதழ் ஒரு வருஷம் கூட ஓடல, 2013லயே நின்னு போச்சு. அச்சு 75 வருஷம், ஸ்கிரீன் சில மாசம். ஜப்பான்ல பல பதிப்பாளர்கள் சேந்து வெளிநாட்டு வாசகர்கள் மாங்கா, அதான் ஜப்பான் காமிக்ஸ், படிக்கறதுக்காக ஜேமாங்கான்னு ஒரு இணையதளம் 2011ல ஆரம்பிச்சாங்க, 2013 மே மாசத்தோட மூடிட்டாங்க, காசு குடுத்து வாங்கினவங்களுக்கும் அவங்க வாங்கின புக்கு போச்சு. மைக்ரோசாஃப்ட் அளவுக்குப் பெரிய கம்பெனி 2019ல மின்னூல் கடையை மூடினப்போ காசைத் திருப்பிக் குடுத்தாங்க, ஆனா புக்கு எல்லார் மெஷின்ல இருந்தும் மறைஞ்சு போச்சு. ராத்திரி வீட்டுக்குள்ள வந்து அலமாரில இருக்கற புக்கை எடுத்துட்டு மேசைல காசை வச்சுட்டுப் போற கதை. எங்கப்பா தைச்ச வால்யூமை அப்படி யாராலயும் எடுக்க முடியாது, உங்களால மட்டும் தான் முடிஞ்சுது.

எதிர்ப் பக்கத்தையும் மறைக்கல. அதே ஜப்பான்ல ஷோனென் ஜம்ப்ங்கற மாங்கா வார இதழ் தொண்ணூறுகள் நடுவுல ஒரு வாரம் 65 லட்சம் பிரதிக்கு மேல போச்சு, இன்னிக்கு அதுல ஒரு சின்னப் பங்கு தான் அச்சாகுது, 2017ல புத்தகமா விக்கற மாங்காவை விட டிஜிட்டல் மாங்கா விற்பனை தாண்டிருச்சு. உண்மை தான். ஆனா அங்க டிஜிட்டல்ல எல்லாமே இருக்கு, சட்டப்படி இருக்கு, வாங்கலாம் படிக்கலாம், அதுக்கு மேல அச்சும் இன்னும் நிக்கல. தமிழ்ல அப்படி ஒரு அடுக்கு எங்க இருக்கு? முறையா அனுமதி வாங்கி ஸ்கேன் பண்ணி வச்ச பழைய தமிழ் காமிக்ஸ் எந்த நூலகச் செயலில இருக்குன்னு காட்டுங்க, நான் இந்த மடலை வாபஸ் வாங்கிக்கறேன். புது வீட்டுக்கு அஸ்திவாரம் கூட போடாம பழைய வீட்டை இடிச்சிருக்கீங்க.

இன்னொரு விஷயம், இது தான் எனக்கு ரொம்ப உறுத்தறது. தமிழ்ல அச்சு காமிக்ஸ் செத்துப் போகல. 2012 ஜனவரில சென்னை புத்தகக் காட்சில லயன் கம்பேக் ஸ்பெஷல் வந்ததுல இருந்து பாருங்க, நல்ல தாள், முழுக் கலர், பெரிய சைஸ், ஐரோப்பாக் கதைகள் எல்லாம் அழகா வருது. ஆனா யாருக்கு வருது? என்னை மாதிரி நாப்பது அம்பது வயசுக்காரங்களுக்கு. சந்தா கட்டறோம், கூரியர்ல வருது, பிளாஸ்டிக் கவர் பிரிக்காம கூட அடுக்கி வச்சிருக்கறவங்க இருக்காங்க. பதிப்பாளரைக் குறை சொல்லல, கொஞ்சமா அச்சடிச்சா விலை கூடத்தான் செய்யும், அந்தக் கணக்கு எனக்குத் தெரியும், அவங்க தாக்குப் பிடிக்கறதே பெருசு. ஆனா ஒரு ஆல்பம் நூறு ரூபாய்க்கு மேல, சில சமயம் பல மடங்கு. நான் சின்னப் பையனா இருந்தப்ப பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடைல கிளிப் மாட்டித் தொங்கும், சில்லறை சேத்து வாங்கிரலாம், இல்ல கடைக்காரர் திட்டற வரைக்கும் நின்னுட்டே படிக்கலாம். இப்போ பெட்டிக்கடைல தொங்கறது பாக்கு தான். ஆக காசு இருக்கறவன் வீட்ல ஹார்டுகவர், சூளைக்காரன் புள்ளைக்கு சங்கிலில கட்டின டேப், அதுவும் சார்ஜ் இல்லாம. முன்னாடி எல்லாம் ஸ்கிரீன் தான் பணக்காரங்களுக்கு, பேப்பர் ஏழைக்கு. இப்போ தலைகீழா திரும்பிருச்சு, அந்தத் திருப்பத்துக்கு நடுவுல காசில்லாத புள்ள அச்சுல காமிக்ஸ் தொடக்கூடிய ஒரே இடம் உங்க கிளை நூலகம் தான், அத நீங்க எடை போட்டு வித்துட்டீங்க.

1948ல சுதந்திர இந்தியாவுலயே முதல் பொது நூலகச் சட்டம் நம்ம சென்னை மாகாணத்துல தான் வந்துதுன்னு ஒவ்வொரு நூலக வார விழாவுலயும் மேடைல சொல்றீங்க, கேட்டிருக்கேன், சேர் தூக்கிப் போட்டவன் நான். அந்தச் சட்டத்துல தான் நூலக வரி, வீட்டு வரில ரூபாய்க்கு 10 பைசா. என் கடை ரசீதுலயும் இருக்கு, செங்கல் சூளைக்காரங்க இருக்கற வீட்டு ரசீதுலயும் இருக்கு. சீர்காழில பொறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931ல எழுதி வச்சார், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். அவர் படம் உங்க ஆபீஸ்ல மாட்டியிருக்கு. படத்துக்குக் கீழ உக்காந்து தான் அந்த நீக்கப் பட்டியல்ல கையெழுத்தாகியிருக்கும்.

கோட்டையூர்ல ரோஜா முத்தையான்னு ஒருத்தர் இருந்தார், போர்டு எழுதற ஓவியர். மத்தவங்க குப்பைன்னு தள்ளினது எல்லாம் சேத்து வச்சார், பாட்டுப் புத்தகம், நாடக நோட்டீசு, கல்யாணப் பத்திரிகை வரைக்கும். 1992ல அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்த சேகரிப்பை வாங்கி, சென்னைலயே அவர் பேர்ல ஆராய்ச்சி நூலகம் வந்துது, தமிழ் படிக்கற உலகத்து ஆளுங்க எல்லாம் அங்க தான் வர்றாங்க. அவர் மாதிரி ஒருத்தர் உங்க நீக்கக் குழுல இருந்திருக்கணும்.

இனி நான் கேக்கறது. முதல்ல, மத்த கிளைகள்லயும் இதே சுற்றறிக்கை போயிருக்கும், அங்க இன்னும் எடை போடாம இருந்தா இன்னிக்கே போன் போட்டு நிறுத்துங்க, கடிதம் எழுதி அனுப்பி அது போய்ச் சேர்றதுக்குள்ள அடுத்த லோடு போயிரும். நீக்கின சித்திரக்கதைகளோட முழுப் பட்டியலையும், எந்த அடிப்படைல பயன்பாடு இல்லன்னு முடிவு பண்ணீங்கங்கறதையும் அந்தந்தக் கிளை அறிவிப்புப் பலகைல ஒட்டுங்க, ஒரு மாசத்துக்குள்ள ஒட்டலன்னா நான் ஆர்டிஐ போடுவேன், போடத் தெரியும், என் கடைல தினம் ரெண்டு பேருக்கு நான் தான் டைப் பண்ணிக் குடுக்கறேன். "நூலகத்தில் மட்டுமே படிக்க"ன்னு ஒட்டின நூலை இரவல் கணக்கு வச்சுக் கழிக்கக் கூடாதுன்னு விதில ஒரு வரி சேருங்க. இனிமே பழைய இதழ் எதைக் கழிக்கறதா இருந்தாலும் வாசகர் வட்டத்துகிட்டயும் சென்னைல இருக்கற ஆய்வு நூலகங்கள்கிட்டயும் வேணுமான்னு ஒரு தடவை கேட்டுட்டு அப்புறம் கழிங்க.

சிறுவர் பகுதில அந்த இரும்பு ரேக்கைத் திரும்ப வைங்க. டேப் மேசையை எடுக்கச் சொல்லல, பக்கத்துலயே இருக்கட்டும், சார்ஜர் மட்டும் வாங்கிப் போடுங்க. ஒவ்வொரு கிளைக்கும் இப்போ அச்சுல வந்துட்டு இருக்கற தமிழ் காமிக்ஸ் ஒரு சந்தா கட்டுங்க, மாவட்டம் முழுக்க கட்டினாலும் அந்த ஃப்ளெக்ஸ் அடிச்ச செலவு வராதுன்னு நினைக்கறேன், ஃப்ளெக்ஸ் ரேட்டும் எனக்குத் தெரியும். அந்தப் பதிப்பாளர்களுக்கும் சில நூறு பிரதி கூட ஓடினா விலை கொஞ்சம் இறங்கும். டிஜிட்டல் தான் வேணும்னா முறையா உரிமை வச்சிருக்கறவங்ககிட்ட அனுமதி வாங்கி, இருக்கற பழைய இதழை ஸ்கேன் பண்ணி வைங்க, அனுமதி வந்தா ஸ்கேன் பண்ற வேலையை நான் கூலி இல்லாம பண்ணித் தர்றேன். ஸ்கேன் முடிஞ்சதும் மூலப் பிரதியை வீசக் கூடாது, அது மட்டும் நிபந்தனை.

கடைசியா, அந்த 23 வால்யூமும் எங்கிட்ட தான் இருக்கு. நாலுக்கு அட்டை போயிருந்துது, மாத்திட்டேன். ரெண்டுல ஈரம் பட்டு பக்கம் ஒட்டியிருந்துது, பிரிச்சுக் காய வச்சிருக்கேன். முதுகுத் துணி எல்லாம் அப்படியே விட்டுட்டேன், 17ல வழிஞ்ச பெயிண்ட் உட்பட. எனக்கு அந்த 320 ரூபா வேண்டாம். ஆனா சும்மா கொண்டு வந்து மேசைல வைக்க மாட்டேன், அடுத்த சுற்றறிக்கைல மறுபடி சாக்குக்குப் போயிரும். யாரையாவது ரிஜிஸ்டரோட அனுப்புங்க, என் கண்ணு முன்னாடி ஒவ்வொண்ணுக்கும் வரவு நம்பர் போட்டு, உள் அட்டைல இருக்கற அந்த "இரவலுக்கு அல்ல" ஸ்லிப்பைக் கிழிச்சுட்டு, இரவல் தாள் ஒட்டிட்டு எடுத்துட்டுப் போகட்டும். பசை நான் காய்ச்சி வைக்கறேன். கடை காலைல ஒன்பது மணில இருந்து ராத்திரி எட்டு வரைக்கும் திறந்திருக்கும், ஞாயித்துக்கிழமை மட்டும் அரை நாள்.

இப்படிக்கு,
உங்க கிளை நூலகத்துக்கு எதிர்ல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கறவன்